பரீட்சைக்கு முன்பே பேசிவிடுங்கள்!

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஒரு மாறுதல் தெரியும். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், முல்லுண்டிலும், டோம்பிவிலியிலும் நள்ளிரவைத் தாண்டியும் சில வீடுகளில் விளக்கு எரியும். டி.வி. பெட்டிக்கு ஓய்வு கிடைக்கும். அப்பா பலமாக இருமினால்கூட, "மெதுவாக" என்று அம்மா கையைக் காட்டுவாள். கோவிலில் அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு ஹால் டிக்கெட்டும் இருக்கும்.

மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியம் நடத்தும் 12-ம் வகுப்பு, 10-ம் வகுப்பு அரசுப் பரீட்சைகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கின்றன. பிழைப்புத் தேடி வந்து, பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தும் குடும்பங்களில் பரீட்சை எழுதுவது பிள்ளை மட்டுமல்ல, வீடே எழுதுகிறது.

"நான்தான் படிக்கவில்லை. நீயாவது படித்து முன்னுக்கு வா" என்று தகப்பன் சொல்லாத வீடு இல்லை. அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. உழைத்துக் களைத்த ஆதங்கம் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளையின் தலையில் பாரமாக ஏறி உட்காருவதும் அதே சொல்தான்.

பிள்ளைகள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள்? கேள்வித்தாளைக் கண்டு என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். கேள்வித்தாள் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் பல பிள்ளைகளின் பயம். மார்க் குறைந்தால் அப்பா என்ன சொல்வார்? அம்மா அழுவாளா? படிப்பை நிறுத்திவிடுவார்களா? ஊரில் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு யாரும் அவர்களுக்கு விடை சொல்லி வைப்பதில்லை. "நல்ல காரியத்துக்கு முன்னால் பெயில் என்ற வார்த்தையே கூடாது" என்று வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். அதுவும் பரீட்சைக்கு முன்பே எடுக்க வேண்டும்.

இரண்டு மாநிலங்கள், ஒரே கவலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவ, மாணவிகள் 13,044 பேர். மாநில வாரியாகப் பார்த்தால் மகாராஷ்டிரம் 1,764 பேருடன் முதலிடத்தில் இருந்தது. அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 1,416 பேர்.

பிறந்த மாநிலம் ஒன்று, பிழைக்க வந்த மாநிலம் மற்றொன்று. இரண்டும் இந்தப் பட்டியலின் தலைப்பில் இருப்பது மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

இந்த மரணங்கள் எல்லாம் பரீட்சையால் நேர்ந்தவை அல்ல. குடும்பச் சச்சரவு, நோய், காதல், கடன் என்று பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரே காரணமாகவும் இருப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் பிள்ளைக்குப் பரீட்சைக் காலமும் ரிசல்ட் காலமும் கடினமான நாட்கள் என்பதில் சந்தேகம் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பயத்தைத் தாங்கிக்கொண்டு எழுதி முடித்து விடுகிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைப்பது வீட்டில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

மூன்று மொழிச் சுமை

மும்பைத் தமிழ்ப் பிள்ளையின் பாரம் ஊரில் படிக்கும் பிள்ளையின் பாரத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

வீட்டில் பேசுவது தமிழ். வகுப்பில் படிப்பது ஆங்கிலம் அல்லது இந்தி. பள்ளிகளில் மராட்டியைக் கட்டாயப் பாடமாக்கி 2020-ம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு சட்டம் கொண்டு வந்தது. ஆகவே மராட்டியும் படித்தாக வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிப் பாதியில் வேறு மொழிக்கு மாறிய பிள்ளை என்றால் கஷ்டம் இன்னும் அதிகம். அப்பாவுக்கு மராட்டி பேச வரும், எழுத வராது. அம்மாவுக்குக் கடைக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தி வரும். பாடத்தில் ஒரு சந்தேகம் என்றால் வீட்டில் கேட்க ஆள் இல்லை.

அடுத்தது இடம். ஒரே அறையில் சமையல், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் நடக்க வேண்டும். நைட் ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். அதே நேரத்தில் தம்பி தங்கை விளையாடும்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சுமையும் சேரும். விடிவதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வரும்; குடம் நிரப்ப அவளைத்தான் எழுப்புவார்கள். அம்மா வேலைக்குப் போனால் அடுப்படியும் அவள் தலையில். அண்ணனுக்குப் பரீட்சை என்றால் அவனைத் தொந்தரவு செய்யாதே என்கிற வீடு, தங்கைக்குப் பரீட்சை என்றால் "பாத்திரத்தைத் துலக்கிவிட்டுப் படி" என்கிறது. இந்த இரண்டு மாத காலத்துக்காவது குடத்தை அண்ணன் எடுக்கலாம், அப்பாவும் எடுக்கலாம். அதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

வீட்டில் இடம் இல்லாதவர்கள் "அப்யாசிகா" என்று மராட்டியில் சொல்லப்படும் படிப்பு அறைகளைத் தேடிப் போகலாம். மாநகராட்சியும், வட்டாரத்தில் உள்ள பொதுநல மண்டல்களும் இத்தகைய அறைகளைப் பல இடங்களில் நடத்துகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி அலறக் கூடாது என்பது 2000-ம் ஆண்டு முதல் உள்ள விதி. தெருவில் கல்யாணமோ பூஜையோ நடந்தால், "பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று நான்கு பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

பயம் உடம்பில் செய்யும் வேலை

பயம் என்பது மனத்தில் மட்டும் இருப்பதல்ல. ஆபத்து என்று மூளை எண்ணியவுடன், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகளை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வியர்க்கும். வயிற்றைக் கலக்கும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு இயற்கை தந்த ஏற்பாடு இது.

இதில் கொஞ்சம் இருப்பது நல்லதுதான். துளி பயமும் இல்லாத பிள்ளை புத்தகத்தைத் தொடமாட்டான். ஆனால் அளவு மீறினால் நிலைமை தலைகீழாகும். கார்ட்டிசால் மிகுந்தால், தெரிந்த விடைகூட நேரத்துக்கு நினைவில் எழுவதில்லை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். "நன்றாகப் படித்தேன், ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது" என்று பிள்ளை சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல. பயம் செய்த வேலை அது.

ஆகவே "பயம் இருந்தால்தான் படிப்பான்" என்று மேலும் மேலும் பயமுறுத்துவது, நன்றாக ஓடும் இயந்திரத்தில் மண்ணை அள்ளிப் போடுவதாகும்.

தூக்கத்தைப் பறிக்க வேண்டாம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். பரீட்சைக் காலத்தில் முதலில் இடிக்கப்படும் சுவர் தூக்கம்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ம் ஆண்டில் அறிவித்தது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைத்துக்கொள்வது தூக்கத்தின்போதுதான். விடிய விடியக் கண் விழித்துப் படிப்பவன், வாங்கிய சரக்கைக் கடையில் அடுக்காமல் வாசலிலேயே கொட்டி வைத்தவனுக்குச் சமம். காலையில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

தூக்கம் வராமல் இருக்க இரவில் டீ போட்டுக் கொடுக்கும் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீயிலும் காப்பியிலும் உள்ள காபீன் என்னும் பொருளில் பாதி அளவு உடம்பை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்த டீ, பின்னிரவு 3 மணிக்கும் உடம்பில் பாதி இருக்கும். படுத்தாலும் நல்ல தூக்கம் வராது. மாலை 5 மணிக்கு மேல் டீ, காப்பியைத் தவிர்ப்பது நல்லது. செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதையும் நிறுத்த வேண்டும். இதை அப்பாவும் செய்து காட்டினால் பிள்ளை முணுமுணுக்காமல் செய்வான்.

புத்தகத்தை மூடிப் பாருங்கள்

"எத்தனை தடவை படித்தாய்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதைவிட "புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லு" என்று கேட்பது மேல்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2006-ம் ஆண்டில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் இருந்தது.

திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற ஒரு மயக்கம் வருகிறது. பரீட்சை ஹாலில் அந்த மயக்கம் கலைகிறது, பயம் பிடித்துக்கொள்கிறது. வீட்டிலேயே பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகியவனுக்கு ஹால் புதிய இடமாகத் தோன்றாது.

இதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்கட்டும். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்துவிட்டால், பாடம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் உருப்போட்டதைத் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால், எந்த இடத்தில் புரியவில்லை என்பதும் அவனுக்கே தெரிந்துவிடும்.

அபசகுனம் ஒன்றும் இல்லை

இனி முக்கியமான பேச்சுக்கு வருவோம்.

மும்பையில் ஓடும் ரெயிலில் தாவி ஏறி உயிரை விட்டவர்களின் கதை எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் தாய் தினமும் சொல்கிறாள்: "வண்டி போனால் போகட்டும், ஓடிப்போய் ஏறாதே. பின்னாலேயே அடுத்த வண்டி வரும்." இதை யாரும் அபசகுனமாக எண்ணுவதில்லை. வண்டி தவறட்டும் என்று எந்தத் தாயும் ஆசைப்பட்டுச் சொல்வதும் இல்லை.

பரீட்சைக்கு மட்டும் அந்தச் சொல்லை ஏன் சொல்லக் கூடாது?

"அப்படிச் சொன்னால் பையன் படிக்காமல் விட்டுவிடுவானே" என்று சிலர் கேட்கலாம். தோல்வியைப் பற்றிப் பிள்ளை நினைக்கவில்லை என்று எண்ணுவது தவறு. இரவில் கண்ணை மூடினால் அதைத்தான் நினைக்கிறான். தனியாக நினைக்கிறான். அதைப் பெற்றோரும் சேர்ந்து பேசிவிட்டால் பயம் பங்கிடப்படுகிறது. பங்கிட்ட பிறகு பாடத்தில் மனம் செல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பரீட்சைக்கு ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு வாரம் முன்பாவது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, தகப்பனார் தமது வாயால் இப்படிச் சொல்லலாம்:

"உன்னால் முடிந்ததை எழுது, ராசா. மார்க் குறைந்தால் மறுபடி எழுதலாம். பீசை நான் கட்டுகிறேன். ஆள் முன்னால் திட்டமாட்டேன், கை நீட்டமாட்டேன். ரிசல்ட் எப்படி வந்தாலும் நேரே வீட்டுக்கு வா."

ஒரு முறை சொன்னால் போதும். தினமும் சொன்னால் அதுவும் ஒரு தொந்தரவாகிவிடும். ஆனால் ரிசல்ட் வரும் நாளன்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை பிள்ளை நம்பமாட்டான்.

சொல்லக் கூடாத சொற்களும் உண்டு. "வட்டிக்கு வாங்கி கிளாசுக்குக் கட்டினேன்" என்பது ஒன்று. "சித்தப்பா மகனைப் பார்" என்பது இன்னொன்று. ஊரிலிருந்து போன் வரும்போது, "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்கும் உறவினரிடம் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காமல் பெற்றோரே பதில் சொல்லி முடித்துவிடலாம். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். தோழனிடம் பேசுவதுபோல் பேச வேண்டிய காலம் இது.

அடுத்த வண்டிகள் எவை?

"மறுபடி எழுதலாம்" என்று சொல்வதற்குப் பெற்றோருக்கே வழி தெரிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் உள்ள வழிகள் வருமாறு:

பத்தாம் வகுப்பில் தேறுவதற்கு 35 மார்க் தேவை. ஆறு பாடங்களில் அதிக மார்க் வாங்கிய ஐந்து பாடங்களைக் கொண்டே சதவீதம் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரு பாடத்தில் மார்க் குறைந்தாலும் சதவீதம் அடியோடு விழுந்துவிடாது.

மே மாத வாக்கில் ரிசல்ட் வந்த பிறகு, தவறியவர்களுக்கு ஜூன் அல்லது ஜூலையில் துணைப் பரீட்சை நடக்கிறது. 10-ம் வகுப்புக்கும் உண்டு, 12-ம் வகுப்புக்கும் உண்டு. தேறினால் அந்த வருடம் வீணாவதில்லை.

பத்தாம் வகுப்பில் ஒன்று அல்லது இரண்டு பாடங்களில் மட்டும் தவறியவர்கள், "ஏ.டி.கே.டி." என்னும் சலுகையின்படி 11-ம் வகுப்பில் சேர்ந்துகொண்டு, விட்ட பாடத்தை எழுதலாம்.

போட்ட மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் அழுது காலம் கடத்தாமல் பள்ளிக்கூடத்தில் போய் விசாரிக்க வேண்டும்.

பள்ளிக்குப் போக முடியாத நிலை வந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் 10-ம் வகுப்பும் 12-ம் வகுப்பும் எழுதலாம். அதன் பொதுப் பரீட்சை ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது ஏற்றது.

தொழில் கற்க விரும்பினால் ஐ.டி.ஐ. இருக்கிறது. வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்பு தேறியவர்களும் சேரலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படிக்கலாம். அதிலிருந்து என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

இவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுப்பது நல்லது. வழி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் இரவுத் தூக்கம் வரும்.

பரீட்சை நாளன்று

காலைப் பரீட்சை 11 மணிக்குத் தொடங்குகிறது. 10.30 மணிக்கே மையத்தில் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் உத்தரவு. முதல் பரீட்சைக்கு முன்பே ஒரு நாள் மையத்துக்குப் போய் வழியைப் பார்த்து வர வேண்டும். ரெயிலில் போக வேண்டியிருந்தால், வழக்கமாகப் பிடிக்கும் வண்டிக்கு இரண்டு வண்டி முன்னதாகப் புறப்படுவது நல்லது. ஹார்பர் லைனிலோ சென்டிரல் லைனிலோ ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் தாமதமாகும் என்பது தினமும் பயணம் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல.

ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை முந்தின இரவே எடுத்து வைத்துவிட வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோ சப்பாத்தியோ போதும். விசேஷப் பலகாரம் வேண்டாம். கேட்டுக்கு வெளியே நின்று மற்ற பிள்ளைகளோடு, "இதைப் படித்தாயா, அதைப் படித்தாயா" என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போன்ற வீண் கலக்கம் வேறு இல்லை.

மிகவும் பயப்படும் பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2011-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். பரீட்சைக்குச் சற்று முன்பு பத்து நிமிட நேரம், தங்கள் பயம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிய மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள். அதிகம் பயப்படும் பிள்ளைகளுக்கே அதில் அதிகப் பலன் கிடைத்தது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். தமிழிலேயே எழுதலாம்.

ஹாலில் உட்கார்ந்ததும் நெஞ்சு படபடத்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். பத்துத் தடவை செய்தால் படபடப்பு தணியும். பிறகு நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எழுத வேண்டும். கை ஓடத் தொடங்கினால் நினைவும் பின்னால் வரும்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளை விரித்து வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். முடிந்த பாடம் முடிந்ததுதான். "சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படு" என்பதே போதும்.

எப்போது எச்சரிக்கை தேவை?

பரீட்சைக் காலத்தில் எரிச்சலும் தலைவலியும் சகஜம். ஆனால் சில அறிகுறிகளைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. தொடர்ந்து பல நாள் சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பது, சிநேகிதர்களோடு பேச்சை நிறுத்துவது, ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது போல் பேசுவது ஆகியவை அந்த அறிகுறிகள்.

இப்படிப் பேசினால், "பைத்தியக்காரத்தனமாகப் பேசாதே" என்று அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துப் போக வேண்டும்.

மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி "டெலி மானஸ்" என்னும் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்த நேரத்திலும் பேசலாம். 20 மொழிகளில் கிடைக்கும் இந்தச் சேவையில் தமிழும் ஒன்று. பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த ஆபத்துக்கும் 1098 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இந்தியில் கேட்கத் தயங்கினால் இரண்டு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஊரை விட்டு வந்து, தெரியாத பாஷையைக் காதால் கேட்டே கற்று, வேலை தேடி, ரேஷன் கார்டு வாங்கி, இந்த மாநகரத்தில் காலூன்றியவர்கள் தமிழர்கள். எத்தனை வேலை போயிற்று, எத்தனை வீடு மாறியது என்பதெல்லாம் பெற்றோருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பா எல்லாவற்றிலும் ஜெயித்தவர் என்றே அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச உட்காரும்போது, முதல் வேலை போன கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.